டிவிடி காட்சியின் மேலும் கீழும் கருப்புப் பட்டை: எடிட்டிங்குக்கு முன் சரியாக வெட்டுவது எப்படி?

#1 தறி

ஒரு ஆவணப்படத்துக்கு இரண்டு டிவிடிகளிலிருந்து காட்சிகள் எடுக்க வேண்டும். உரிமம் உண்டு, வட்டுகளில் பூட்டும் கிடையாது. டைம்லைன் 1920×1080, நொடிக்கு 25 ஃப்ரேம்.

முதல் வட்டு பால் வகை (PAL, நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் டிவி முறை), டிவி நிகழ்ச்சி. 720×576, 4:3, இன்டர்லேஸ் (ஒரு ஃப்ரேமின் ஒன்றுவிட்ட வரிகள் மேல், கீழ் என்று இரண்டு ஃபீல்டுகளாக அடுத்தடுத்துப் பதிவானவை), மேல் ஃபீல்டு முதலில். மேலே 72 வரி, கீழே 72 வரி கருப்பு. டைம்லைனில் போட்டால் நாலு பக்கமும் கருப்பு சூழ்ந்து நடுவில் சின்னதாகப் படம் நிற்கிறது.

இரண்டாவது வட்டு என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானிய டிவி முறை), திரைப்படம். 720×480, 16:9. இதிலும் மேலும் கீழும் பட்டை. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியில் பட்டையைக் கண்டறியும் கிராப்டிடெக்ட் "720×352, மேலிருந்து 64" என்கிறது. அப்படியே வெட்டினால் நெருக்கக் காட்சிகளில் தலை உச்சி கொஞ்சம் போய்விடுகிறது.

ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருளில் தானாக வெட்ட விட்டு எச்.264 (வழக்கமான சுருக்க வடிவம்) ஆக்கிக் கொண்டுவரலாமா? இல்லை, எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் கிராப் (வெட்டும்) எஃபெக்ட் போட்டாலே போதுமா?

#2 பிக்சல்கணக்கு

இரண்டும் வேறு வேறு சிக்கல், ஒரே மருந்து சரிப்படாது.

முதல் வட்டில் அகலப் படத்தை 4:3 சட்டத்துக்குள் சுருக்கி அடைத்திருக்கிறார்கள். 576 வரியில் 432 வரிதான் படம், மீதி 144 வரி வீண். இந்தப் பட்டையை நீக்கியே ஆகவேண்டும், நீக்கினால் உங்கள் 16:9 டைம்லைனை அச்சாக நிரப்பும். 4:3 சட்டத்தில் பக்கவாட்டுக் கருப்பை டைம்லைன் சேர்க்கிறது, மேல்கீழ் கருப்பு கோப்பிலேயே இருக்கிறது. அதனால்தான் நாலு பக்கமும் கருப்பு.

இரண்டாவது அனமார்ஃபிக் வட்டு (அகலப் படத்தை நெருக்கிப் பதிந்து, காட்டும்போது விரிப்பது). சட்டமே 16:9. அதற்குள் படம் 2.35:1 விகிதத்தில் இருப்பதால் பட்டை. அந்தப் பட்டையை வெட்டி எறிந்தாலும் 16:9 டைம்லைனில் போட்ட மறுநொடி அதே இடம் மறுபடி கருப்பாகும், ஏனென்றால் படத்தின் வடிவமே அதுதான். கருப்பே வேண்டாமென்றால் பக்கங்களில் சுமார் கால் பங்கு படத்தை இழக்க வேண்டும். எப்படி வெட்டுவது என்பதற்கு முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

கிராப்டிடெக்ட் பற்றி: அது விடையை 16-இன் மடங்குக்குக் கீழே இறக்கித்தான் சொல்லும், இயல்புநிலை அமைப்பு அப்படி. 'ரவுண்ட்' மதிப்பை 2 என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். 362 வரி, மேலிருந்து 58 என்ற மாதிரி வரும் என்று நினைக்கிறேன். தலை வெட்டுப்பட்டதற்குக் காரணம் அந்தப் பத்து வரிதான்.

#3 தறி

அச்சாக அதேதான் வந்தது: 720×362, மேலிருந்து 58. ஆனால் வேறொரு இடத்தில் ஓட்டினால் 720×288 என்கிறது. எதை நம்புவது?

#4 பிக்சல்கணக்கு

இரவுக் காட்சியில் ஓட்டியிருப்பீர்கள். படத்தின் மேல்பகுதியே இருட்டாக இருந்தால் அதற்குப் படம் எது, பட்டை எது என்று தெரியாது. வெளிச்சமான பகல் காட்சிகளாக ஐந்தாறு இடம் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஓரிரு நிமிடம் ஓட்டுங்கள். எல்லாவற்றிலும் கிடைப்பதில் பெரிய சட்டத்தை எடுங்கள்.

'லிமிட்' (இதற்குக் கீழான ஒளியைக் கருப்பு என்று எண்ணும் எல்லை) இயல்பாக 24. டிவிடியில் கருப்பு என்பது 0 அல்ல, 16. பழைய டேப்பிலிருந்து வந்த வட்டுகளில் பட்டைக்குள்ளேயே இரைச்சல் ஏறி 25, 28 என்று நிற்கும். அப்போது பட்டையையும் படம் என்று எண்ணி முழு 480 வரியையும் திருப்பிக் கொடுக்கும். லிமிட்டை 32 வரை ஏற்றிப் பாருங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நிழல் பகுதிகளையும் பட்டையாக எண்ணத் தொடங்கிவிடும்.

கடைசியில் ஒரு ஃப்ரேமைப் படமாக எடுத்து 400 சதவீதம் பெரிதாக்கி வரியை எண்ணிவிடுவது நல்லது. கருவி சொன்னதைக் கண்ணால் சரிபார்க்காமல் ஒரு மணி நேரக் காட்சியை மாற்றத் தொடங்க வேண்டாம்.

#5 எஃபெக்ட்ராஜா

பிரீமியர் கேள்விக்கு நான் சொல்றேன். கிராப் எஃபெக்ட் பட்டையை மறைக்கும், அவ்வளவுதான். அந்த இடம் ஒளிபுகும் இடமாகுமே தவிர படம் பெருசாகாது. முதல் வட்டுக்கு கிராப்பே வேண்டாம், பெருசாக்கினாலே பட்டை சட்டத்துக்கு வெளியே போயிடும்:

பால் 4:3 என்றால் மோஷன் அமைப்பில் ஸ்கேல் (பெருசாக்கும் சதவீதம்) 250. படம் 432 வரி, இரண்டரை மடங்கு 1080. கணக்கு கச்சிதம்.

என்டிஎஸ்சி 4:3 லெட்டர்பாக்ஸ் (மேல்கீழ் பட்டையோட உள்ள படம்) வந்தால் ஸ்கேல் 300. அங்கே 360 வரி படம், மூணு மடங்கு 1080.

ஓர வரிகள் அழுக்காக இருந்தா 252, 303 என்று கொஞ்சம் கூட்டுங்க. கிளிப்பை வலது கிளிக் செஞ்சா வரும் 'ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்' வேண்டாம். அது முதலில் 1080-க்கு ஏற்றிட்டு, பிறகு நீங்க பெருசாக்குறதை அதுக்கு மேல ஏற்றும், படம் மழுங்கும். 'செட் டு ஃப்ரேம் சைஸ்' அப்படி இல்லை, வெறும் ஸ்கேல் எண்ணை மட்டும் மாற்றும்.

சில நொடி காட்சி நாலைந்துதான் என்றால் இதுவே போதும், தனியா மாற்ற வேண்டியதே இல்லை.

#6 ஃபீல்டுவரிசை

எஃபெக்ட்ராஜா சொன்னது ஓடும், ஆனால் முதல் வட்டு இன்டர்லேஸ் என்பதை மறக்கக் கூடாது. இன்டர்லேஸ் காட்சியை 250 சதவீதம் பெரிதாக்கும்போது மென்பொருள் ஃபீல்டுகளைப் பிரிக்காமல் ஏற்றினால் சீப்புப் பற்கள் (நகரும் ஓரங்களில் தெரியும் கிடைக்கோடுகள்) இரண்டரை மடங்கு பெருத்து வரும். பிரீமியர் தானே ஃபீல்டு பிரிக்கும், ஆனால் அந்தத் தரம் சுமார்தான். எஃப்எஃப்எம்பெக்கின் பி.டபிள்யூ.டி.ஐ.எஃப் வடிகட்டி அல்லது அவிசிந்த் மென்பொருளின் க்யூடிஜிஎம்சி கொண்டு வெளியிலேயே பிரித்துவிட்டு எடுத்து வருவது எவ்வளவோ மேல்.

வரிசை இதுதான், மாற்றக் கூடாது: முதலில் டீஇன்டர்லேஸ் (ஃபீல்டுகளைப் பிரித்து முழு ஃப்ரேம் ஆக்குவது), அடுத்து கிராப், கடைசியில் ஸ்கேல்.

ஸ்கேல் முன்னால் வந்தால் இரண்டு ஃபீல்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும், பிறகு எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. கிராப் முன்னால் வந்தால் உடனே கெடாது, ஆனால் தப்பான எண்ணில் வெட்டினால் கெடும்.

#7 தறி

அதுதான் நடந்திருக்கிறது போல. முதல் வட்டில் 72-ஆவது வரியும் அடுத்ததும் மங்கலாகத் தெரிந்ததால் மேலிருந்து 74 வெட்டினேன். அதன் பிறகு டீஇன்டர்லேஸ் செய்தேன். அசையாத காட்சிகள் நன்றாக இருக்கின்றன. யாராவது நகர்ந்தால் மட்டும் சிவப்புத் துணியின் ஓரத்தில் நிறம் பல்பல்லாகப் பிரிந்து ஒழுகுகிறது. கருப்பு வெள்ளை ஆக்கிப் பார்த்தால் குறையே இல்லை.

#8 ஃபீல்டுவரிசை

நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்: ஒளி சரி, நிறம் மட்டும் தப்பு. 74 நாலால் வகுபடாத எண், அதனால் வந்தது.

டிவிடியில் நிறத் தகவல் 4:2:0. அதாவது நிறத்துக்கு உயரத்தில் பாதி வரிகள்தான், 576 ஒளி வரிகளுக்கு 288 நிற வரிகள். இன்டர்லேஸ் காட்சியில் அந்த நிற வரிகளும் மேல் ஃபீல்டு, கீழ் ஃபீல்டு என்று மாறி மாறிப் பிரிந்திருக்கும். 74 ஒளி வரியை வெட்டினால் ஒளியின் ஃபீல்டு வரிசை மாறாது, 74 இரட்டை எண். ஆனால் கூடவே 37 நிற வரி போகிறது, அது ஒற்றை. இனி மேல் ஃபீல்டின் ஒளியோடு கீழ் ஃபீல்டின் நிறம் சேரும். இரண்டுக்கும் நடுவே ஐம்பதில் ஒரு நொடி இடைவெளி. ஆள் நகராதபோது இரண்டு ஃபீல்டும் ஒன்றுபோலவே இருப்பதால் தெரியாது, நகர்ந்தால் நிறம் பின்தங்கும்.

ஆகவே இன்டர்லேஸ் 4:2:0-ஐ அப்படியே வெட்டுவதானால் மேலும் கீழும் நாலின் மடங்கு: 72, 76. டீஇன்டர்லேஸ் முடிந்த பிறகு வெட்டினால் இரண்டின் மடங்கு போதும், உங்கள் 74 அப்போது சரி. பக்கவாட்டில் எப்போதுமே இரண்டின் மடங்கு.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள: 4:2:2 கோப்புகளில் (நிற வரிகள் உயரத்தில் குறையாதவை) சில மென்பொருள்கள் 73 மாதிரி ஒற்றை எண்ணையும் ஏற்கும். அப்போது ஃபீல்டு வரிசையே தலைகீழாகும். ஓடும் வண்டி இரண்டடி முன்னே ஓரடி பின்னே என்று துள்ளும். அப்படித் துள்ளினால் வேறெங்கும் தேட வேண்டாம், வெட்டிய எண்ணைப் பாருங்கள்.

#9 தறி

வரிசையை மாற்றியதும் நிறம் சரியாகிவிட்டது. மிக்க நன்றி. அந்த ஓர வரிகள் ஏன் அழுக்காக இருக்கின்றன? எல்லா வட்டிலும் இப்படித்தானா?

#10 பிக்சல்கணக்கு

பெரும்பாலான வட்டுகளில் இருக்கும். எம்பெக்-2 படத்தை 16×16 கட்டங்களாகப் பிரித்து, அதற்குள் 8×8 துண்டுகளாகச் சுருக்குகிறது. பட்டையும் படமும் சந்திக்கும் கோடு அந்தத் துண்டின் நடுவில் விழுந்தால், ஒரே துண்டுக்குள் கருஞ்சுவரும் பிரகாசமான படமும் இருக்கும். அவ்வளவு கூர்மையான மாற்றத்தைக் குறைந்த பிட்டில் அடக்கும்போது ஓரத்தில் சிற்றலை போல இரைச்சல் எழும். உங்கள் இரண்டாவது வட்டில் 58 எட்டின் மடங்கு அல்ல, கட்டாயம் இருக்கும்.

72 எட்டின் மடங்குதானே என்று கேட்கலாம். இன்டர்லேஸ் காட்சியில் 16 வரிக் கட்டத்தை ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டாகப் பிரித்துச் சுருக்குவது உண்டு. 64 முதல் 79 வரையிலான கட்டம் அப்படிப் பிரிந்தால் 72-ஆவது வரியிலுள்ள எல்லைக் கோடு இரண்டு துண்டுகளிலும் நடுவில்தான் விழும். அதனால் அங்கேயும் அழுக்கு.

மேலே 2, கீழே 2 வரி கூடுதலாக வெட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மோசமான வட்டுக்கு நாலு நாலு. வெட்டிய அளவுக்கு அகலத்திலும் வெட்டினால் விகிதம் குலையாது. முதல் வட்டுக்கு என் கணக்கு: அகலம் 698, உயரம் 428, இடமிருந்து 10, மேலிருந்து 74. இதை 1920×1080-க்கு ஏற்றுங்கள்.

#11 வட்டசதுரம்

698 எங்கிருந்து வந்தது என்று தறிக்குப் புரிந்திருக்காது, அங்கேதான் பலரும் வழுக்குவார்கள். என் கருத்தும் கொஞ்சம் வேறு.

டிவிடியின் 720 பிக்சல் அகலத்தில் உண்மையான 4:3 படம் நடுவிலுள்ள 704-தான் என்பது ஒரு கணக்கு. இரு பக்கமும் எட்டெட்டு பிக்சல் அனலாக் காலத்து ஓரம். இந்தக் கணக்கில் பால் 4:3-இன் பிக்சல் விகிதம் (ஒரு பிக்சலின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) 12:11. 704×432-ஐ அப்படி விரித்தால் 768×432, சரியாக 16:9. பிக்சல்கணக்கின் 698 இதிலிருந்து வருகிறது.

முழு 720-மே படம் என்பது இன்னொரு கணக்கு. அப்போது பிக்சல் விகிதம் 16:15, 720×432-உம் அதே 768×432 ஆகும். இரண்டுக்கும் வித்தியாசம் 2.3 சதவீதம். ஒரு கணக்கில் எடுத்த வட்டை இன்னொரு கணக்கில் விரித்தால் முகம் இலேசாகக் குண்டாகும் அல்லது ஒடுங்கும்.

டேப்பிலிருந்து வந்த டிவி நிகழ்ச்சியில் பக்கத்தில் எட்டு பிக்சல் அளவுக்குக் கருப்பு தெரிந்தால் 704 கணக்கு. ஃபிலிமிலிருந்து நேரடியாக வட்டுக்கு வந்து 720-உம் நிரம்பியிருந்தால் இரண்டில் எதுவும் இருக்கலாம். நேருக்கு நேர் எடுத்த சுவர்க் கடிகாரமோ வண்டிச் சக்கரமோ தேடி, விரித்த பிறகு அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். 400 பிக்சல் உயர வட்டம் 409 அகலம் காட்டினால் கணக்கு மாறிப்போயிருக்கிறது. திரையின் ஓரத்தில் உள்ள வட்டத்தை அளக்க வேண்டாம், லென்ஸே அதை நீட்டியிருக்கும்.

#12 பிக்சல்கணக்கு

ஒத்துக்கொள்கிறேன். டிவி நிகழ்ச்சி என்று சொன்னதால் 704 என்று எடுத்துக்கொண்டேன், அளந்து பார்ப்பதுதான் முறை. பிரீமியர், பால் 4:3-இன் பிக்சல் விகிதத்தை 1.094 என்று வைத்திருக்கிறது, 704 கணக்கையொட்டியது. அதனால்தான் ஸ்கேல் 250 போடும்போது பக்கத்துக்கு ஏறத்தாழ 25 பிக்சல் சட்டத்துக்கு வெளியே போய், அந்த எட்டு பிக்சல் ஓரமும் தானாகவே மறைகிறது.

#13 தறி

பக்கத்தில் 8 பிக்சல் கருப்பு இருக்கிறது. கடிகாரமும் 12:11-இல் வட்டமாக வந்தது. முதல் வட்டு முடிந்தது.

இரண்டாவது வட்டுக்கு வருகிறேன். தயாரிப்பு இரண்டு காட்சிகளை மட்டும் திரை முழுக்கக் கேட்கிறது, மற்றவை பட்டையோடே இருக்கலாம் என்கிறது.

#14 எஃபெக்ட்ராஜா

முதலில் பட்டையோடு இருக்கிறவை. அவற்றிலும் பழைய பட்டையை வெட்டிட்டு டைம்லைனின் சுத்தக் கருப்பை விடுங்க. காரணம் இருக்கு. பட்டைக்குள்ள இரைச்சல் இருக்கும், நிறம் திருத்தும்போது நிழலைத் தூக்கினா பட்டையும் சேர்ந்து சாம்பலாகும். மங்கலாக்கும் எஃபெக்ட் போட்டா கருப்பு படத்துக்குள்ள கசியும். ஆட்டம் நீக்கும் ஸ்டெபிலைசர் பட்டையின் ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு, காட்சி அசையவே இல்லைன்னு முடிவு செஞ்சிடும். இது நிறைய பேருக்குத் தெரியாம மணிக்கணக்கா அமைப்புகளை மாற்றிக்கிட்டிருப்பாங்க.

மேலே 60, உயரம் 358 என்று வெட்டுங்க (இருபுறமும் இரண்டு வரி அழுக்கு போக). 720 கணக்கில் சதுர பிக்சல் அகலம் 853.33. அதை 2.25 மடங்கு ஏத்தினா 1920×806. நடுவில் வைங்க, மேலும் கீழும் 137 வரி கருப்பு.

முழுத் திரை கேட்கிற இரண்டுக்கு: 358-ஐ 1080 ஆக்கணும், சுமார் 3.02 மடங்கு. அகலம் 2574 ஆகும், அதில் 1920 மட்டும் தெரியும். நடுவிலேயே வைக்காதீங்க, ஆள் எங்கே இருக்காரோ அந்தப் பக்கம் தள்ளுங்க. இடமோ வலமோ 327 பிக்சல் வரை நகர்த்த இடம் உண்டு. பேசுறவர் ஒரு ஓரம், கேட்கிறவர் மறு ஓரம் இருக்கிற ஷாட் என்றால் தயாரிப்பிடம் வேண்டாம் என்று சொல்லுங்க. ஒருத்தர் பாதி முகத்தோட நிற்பார். ஒளிப்பதிவாளர் அகலத்தை நம்பிச் சட்டம் கட்டியிருக்கார், அதை மதிக்கணும்.

இன்னொண்ணு: பல வட்டுகளிலிருந்து 2.35, 2.39 என்று கலந்து வந்தா, வெட்டின பிறகும் பட்டை உயரம் கிளிப்புக்குக் கிளிப் தாவும். எல்லாத்துக்கும் மேல ஒரே அளவு கருப்பு முகமூடி ஒரு டிராக்கில் போட்டு, ஒவ்வொரு கிளிப்பையும் அதை நிரப்புற அளவு ஒண்ணு இரண்டு சதவீதம் ஏத்துங்க.

#15 ஃபீல்டுவரிசை

இரண்டாவது வட்டு ஃபிலிம் என்பதால் அங்கே டீஇன்டர்லேஸ் செய்யக் கூடாது. கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் புல்டவுன் 2:3 (24 ஃப்ரேம் ஃபிலிமை 30 ஃப்ரேம் டிவிக்கு நீட்டும் முறை) என்ற குறிப்போடு 23.976 காட்டினால் உள்ளே முழு ஃப்ரேம்கள்தான் இருக்கின்றன, அந்தக் குறிப்பைப் புறக்கணித்து எடுத்தால் போதும். வெறும் 29.97 என்று காட்டி, ஐந்து ஃப்ரேமில் மூன்று சுத்தமாகவும் இரண்டு சீப்பாகவும் இருந்தால், எஃப்எஃப்எம்பெக்கின் ஃபீல்டுமேட்சும் (உரிய ஃபீல்டுகளை இணைப்பது) டெசிமேட்டும் (மிகை ஃப்ரேமை நீக்குவது) போட்டு 23.976-க்குத் திருப்ப வேண்டும். அதன் பிறகுதான் கிராப்.

25 ஃப்ரேம் டைம்லைனுக்கு 'இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்' வழியாக 25 என்று சொல்லிவிடுங்கள். சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடும், அசைவு வழவழப்பாக இருக்கும். ஒலியின் சுருதி ஏறும், தனியாக இறக்க வேண்டும்.

#16 வரைகோடு

இழையைத் தொடர்கிறேன். தரம் குறையாமல், மறுசுருக்கமே இல்லாமல் பட்டையை வெட்ட வழி இல்லையா? எம்கேவி கோப்பில் கிராப் குறிப்பு எழுதலாமே?

#17 வட்டசதுரம்

எழுதலாம். ஆனால் அது "இவ்வளவு மறைத்துக் காட்டு" என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்புதான். சில பிளேயர்கள் மதிக்கும், எடிட்டிங் மென்பொருள் மதிக்கும் என்று நம்ப முடியாது. எச்.264-இல் அப்படிப்பட்ட வெட்டுச் சட்டம் ஸ்ட்ரீமுக்குள்ளேயே இருப்பதால் மறுசுருக்கமின்றி மாற்றலாம். டிவிடியின் எம்பெக்-2-இல் அது கிடையாது. ஆக, பிக்சலைத் திறந்து மறுபடி எழுதியே ஆகவேண்டும்.

எழுதுவதை நல்ல இடைநிலை வடிவத்தில் எழுதினால் இழப்பு கண்ணுக்குத் தெரியாது: புரோரெஸ் 422 அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர். டிஎன்எக்ஸ்ஹெச்டி வேண்டாம், அது குறிப்பிட்ட அளவுகளை மட்டுமே ஏற்கும், 1920×806 அதற்குப் பிடிக்காது. துளியும் இழப்பு கூடாது என்றால் எஃப்எஃப்வி1, ஆனால் எடிட்டிங்கில் எல்லாரும் திறக்க மாட்டார்கள்.

தறி முதலில் கேட்ட ஹேண்ட்பிரேக்குக்கும் இதுவே பதில். அது பார்ப்பதற்கான கோப்பு செய்யும் கருவி. எச்.264-உம் எச்.265-உம் வழக்கமாக மறுபடி 4:2:0-இல் பிழிந்து கொடுக்கும், டைம்லைனில் திருத்துவதற்கு உகந்ததல்ல. அதன் தானியங்கி வெட்டும் சில முன்னோட்டப் படங்களை மட்டும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது.

ஒலியை ஏசி3-யாக (சுருக்கிய ஒலி) விடாமல் 48 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம் (சுருக்காத ஒலி) ஆக்கிவிடுங்கள்.

#18 பிக்சல்கணக்கு

விட்டுப்போன ஒன்று: நிற மேட்ரிக்ஸ் (நிறத்தை எண்களாக மாற்றும் சூத்திரம்). டிவிடி 601 மேட்ரிக்ஸில் (சாதாரண டிவிக்கானது) இருக்கும், 1080 கோப்பைப் பெரும்பாலான மென்பொருள்கள் 709 (எச்டிக்கானது) என்று எடுத்துக்கொள்ளும். ஸ்கேல் செய்யும்போதே உள்ளே 601, வெளியே 709 என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பச்சையும் தோல் நிறமும் கொஞ்சம் திரியும், நிறம் திருத்துபவர் காரணம் தெரியாமல் ஒவ்வொரு ஷாட்டாக இழுத்துக்கொண்டிருப்பார்.

#19 தறி

இரண்டு வட்டும் புரோரெஸ் 422-இல் வந்துவிட்டன. ஓரம் சுத்தம், நிறம் சரி. ஒரு சிக்கல் பாக்கி: முதல் வட்டில் சில இடங்களில் மொழிபெயர்ப்பு வரிகள் கீழ்ப் பட்டையில் இருந்தன. வெட்டியதில் அவை போய்விட்டன.

#20 வட்டசதுரம்

மூலக் கோப்பை ஒரு பிளேயரில் திறந்து சப்டைட்டிலை அணைத்துப் பாருங்கள். மறைந்தால் அது தனி ஓடை: சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் எழுத்துணர்வு மூலம் எஸ்ஆர்டி (எழுத்து வடிவ சப்டைட்டில் கோப்பு) ஆக்கிப் படத்துக்குள் நீங்களே எழுதிக்கொள்ளலாம். நேரக் குறிப்பும் அதோடு கிடைக்கும்.

மறையாவிட்டால் படத்தோடு எரித்தது. வெட்டாத மூலத்தை வைத்துக்கொண்டு கையால் தட்டச்சு செய்வதுதான் வழி. பாதி எழுத்து படத்திலும் பாதி பட்டையிலுமாக விழுந்த ஷாட்டில், வெட்டிய பிறகும் எழுத்தின் மேல்பாதி படத்தின் அடியில் எஞ்சி நிற்கும். அந்த ஷாட்டை மட்டும் இன்னும் பத்துப் பதினைந்து சதவீதம் பெரிதாக்கி, கொஞ்சம் கீழே இறக்கி எழுத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள். உங்கள் புதிய எழுத்தை அதே இடத்தில் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள், பழைய எழுத்து இடுக்கில் தெரியும்.

#21 தறி

அணைத்தால் மறைகிறது, தனி ஓடைதான். மூன்று ஷாட்டில் மட்டும் எரித்த எழுத்து. அவற்றை 112 சதவீதம் ஏற்றி இறக்கினேன், எழுத்து முழுக்க வெளியே போய்விட்டது, தலைக்கு மேல் இடமும் மிஞ்சுகிறது.

#22 எஃபெக்ட்ராஜா

அந்த 112-ஐ புரோரெஸ் கோப்பின் மேல் போடாம, மூலத்திலிருந்தே அந்த மூணு ஷாட்டுக்கு வெட்டு எண்ணை மாத்தி மறுபடி எடுங்க. 432 வரியிலிருந்து 1080-க்கு ஒரே தடவை ஏத்தினதும், ஏத்தினதை மறுபடி ஏத்தினதும் பெரிய திரையில் வித்தியாசம் காட்டும்.